பௌலிங் பந்தில் துளை அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

பௌலிங் பந்தின் துளை அமைப்பு என்பது, பந்தில் விரல்களை நுழைப்பதற்கான துளைகளைப் பந்தின் உட்கருவை ஒட்டி எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இட வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுக்கும் திட்டமாகும். ஆட்டக்காரர்கள் இதை 'லேஅவுட்' என்கின்றனர். ஒரே நாளில், ஒரே அச்சில் வார்த்த இரண்டு பந்துகளை வெவ்வேறு அமைப்பில் துளையிட்டால், ஒன்று தடத்தில் முன்னதாகவே உருளத் தொடங்கும்; மற்றொன்று நெடுந்தூரம் வழுக்கிச் சென்று கடைசியில் திரும்பும். துளையிட்ட பந்தைக் கடையில் திருப்பித் தர இயலாது. துளைகளை அடைத்து மறுபடி துளையிட வழி உண்டெனினும் அதற்குத் தனிச் செலவு ஆகும். ஆகவே, சொந்தப் பந்து வாங்கும் மாணவர் துளையிடும் இயந்திரத்தின் முன் நிற்பதற்கு முன்பே இதைப் புரிந்துகொள்வது நல்லது.

இங்கே பௌலிங் என்பது பத்துப் பின்களை உருட்டி வீழ்த்தும் டென்பின் பௌலிங் ஆட்டத்தைக் குறிக்கும். கிரிக்கெட் பந்துவீச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பந்தும் தடமும்

பௌலிங் தடத்தில் எல்லைக்கோட்டிலிருந்து முதல் பின் வரையுள்ள தொலைவு 60 அடி, அதாவது ஏறத்தாழ 18.3 மீட்டர். தடத்தின் அகலம் சுமார் 41½ அங்குலம். இந்த அகலம் 39 பலகைகளாகக் கணக்கிடப்படுகிறது. பந்தின் விட்டம் ஏறக்குறைய 8½ அங்குலம். எடை 16 பவுண்டுக்கு, அதாவது சுமார் 7.26 கிலோவுக்கு மிகக்கூடாது.

தடத்தின் முன்பகுதியில் எண்ணெய் பூசப்பட்டிருக்கும். பொதுமக்கள் ஆடும் தடங்களில் பெரும்பாலும் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவார்கள். கடைசிப் பகுதி உலர்ந்திருக்கும். எனவே பந்தின் பயணத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. எண்ணெயில் வழுக்குவது முதற்கட்டம். உராய்வு கிடைத்து வளைவது இரண்டாம் கட்டம். வளைவு முடிந்து நேராக உருளுவது மூன்றாம் கட்டம்.

பந்து ஏன் வளைய வேண்டும் என்ற கேள்விக்குப் பள்ளிக் கணக்கே விடை சொல்லும். தடத்தின் ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரையுள்ள அகலம் சுமார் 20 அங்குலம். நீளம் 720 அங்குலம். ஓரத்திலிருந்து நேர்கோட்டில் உருட்டினாலும் பந்து பின்களுக்குள் நுழையும் கோணம் 2 பாகையை எட்டாது. எல்லாப் பின்களும் ஒரே உருட்டலில் விழ, முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையில் (இடக்கைக்காரருக்கு முதல் பின்னுக்கும் இரண்டாம் பின்னுக்கும் இடையில்) சுமார் 6 பாகைக் கோணத்தில் பந்து நுழைவது சிறந்தது எனக் கொள்ளப்படுகிறது. இந்தக் கோணம் வளைந்து வரும் பந்துக்குத்தான் கிடைக்கும். அந்த வளைவு எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சரிசெய்யும் வழிகளுள் ஒன்றே துளை அமைப்பு.

தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

உட்கரு: பந்தின் நடுவே உள்ள கனமான பகுதி. இதைக் 'கோர்' என்பர். இது பெரும்பாலும் உருண்டையாக இருப்பதில்லை. விளக்குக் குமிழ் போன்றோ பல முகங்கள் கொண்டோ இருக்கும். ஓர் அச்சைச் சுற்றி ஒரே சீராக அமைந்தால் அது சமச்சீர் உட்கரு. அவ்வாறு இல்லையேல் சமச்சீரற்ற உட்கரு.

பின் புள்ளி: உட்கருவின் தலைப்பகுதி எந்தப் பக்கம் உள்ளது எனப் பந்தின் மேற்பரப்பில் காட்டும் வண்ணப் பொட்டு. இதற்கும் தடத்தின் முனையில் நிற்கும் பின்களுக்கும் பெயர் ஒன்றே. குழப்பம் வராமலிருக்க இக்கட்டுரையில் இது பின் புள்ளி எனப்படுகிறது.

எடைமையப் புள்ளி: பந்தின் கனமான பக்கத்தைக் குறிக்கும் அடையாளம்.

நிறைச்சாய்வுப் புள்ளி: சமச்சீரற்ற உட்கரு கொண்ட பந்தில் மட்டும் காட்டப்படும் மற்றோர் அடையாளம். ஆட்டக்காரர்கள் 'மாஸ் பயஸ்' என்பர்.

நேர் அச்சுப் புள்ளி: கையை விட்டுப் பந்து விலகும் கணத்தில் அது எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சின் முனை. வலக்கைக்காரருக்குப் பந்தின் வலப்புறத்தில் அமையும். பேச்சு வழக்கில் 'பி.ஏ.பி.' எனப்படும். இது பந்தின் இயல்பு அன்று. ஆட்டக்காரரின் கையின் இயல்பு.

தடவிரிவு: ஒவ்வொரு சுற்றிலும் பந்து தடத்தைத் தொடும் இடம் சற்றே நகர்ந்து செல்வது. பந்தின் மேல் அடுத்தடுத்துப் படியும் எண்ணெய் வளையங்களாக இதைக் கண்ணால் பார்க்கலாம். 'ஃப்ளேர்' என்பது வழக்குச் சொல்.

துளையின் இடம் ஏன் முக்கியம்

முழு உருண்டையான, எங்கும் ஒரே அடர்த்தியுள்ள பந்து எந்த அச்சில் சுழன்றாலும் ஒரே மாதிரிதான் சுழலும். அதில் துளையை எங்கே இட்டாலும் பெரிய வேறுபாடு இராது. உட்கரு உருண்டையாக இல்லாததால்தான் இடம் முக்கியமாகிறது.

வீட்டில் உள்ள தேங்காய் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் நீளவாக்கு அச்சில் சுழற்றினால் தள்ளாடாமல் சுழலும். குறுக்காகப் படுக்க வைத்துச் சரியாக நடுவில் சுழற்றினாலும் பெரிதாகத் தள்ளாடாது. ஆனால் சாய்வான அச்சில் சுழற்ற முயன்றால் அது தள்ளாடி, தனக்கு வசதியான நிலையைத் தேடும். பௌலிங் பந்தின் உட்கருவும் இப்படியே நடந்துகொள்கிறது. பந்து வழுக்கிக்கொண்டிருக்கும்போதே உட்கரு தன் நிலையை மாற்ற முயல்வதால் சுழல் அச்சு மெல்ல இடம்பெயர்கிறது. அதனால் தடத்தைத் தொடும் வளையமும் நகர்கிறது.

இதில் பயன் என்னவென்றால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பரப்பு தடத்தைத் தொடுகிறது, உராய்வு கூடுகிறது. தடவிரிவு இல்லாத பந்தில் எண்ணெய் படிந்த அதே வளையமே திரும்பத் திரும்பத் தடத்தைத் தொடும். அது வழுக்கிக்கொண்டே போகும்.

அளவுகளும் இதையே காட்டுகின்றன. பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 27 அங்குலம்; அதில் கால்பங்கு 6¾ அங்குலம். பின் புள்ளி சரியாக நேர் அச்சுப் புள்ளியின் மேல் அமைந்தால் (தொலைவு 0) உட்கரு நீளவாக்கில் சுழலும். 6¾ அங்குலம் தள்ளி அமைந்தால் குறுக்குவாக்கில் சுழலும். இரு நிலைகளிலும் தடவிரிவு மிகக் குறைவு. இவற்றுக்கு நடுவே, 3⅜ அங்குலத்தில், உட்கரு 45 பாகை சாய்ந்து நிற்கும். அங்கே தடவிரிவு மிகுதி. 3⅜ என்ற எண் பௌலிங் கடைகளில் அடிக்கடி காதில் விழுவதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு கருத்து சுழல் ஆரம். சுழல்நாற்காலியில் அமர்ந்து கைகளை விரித்தால் வேகம் குறைவதையும், மடக்கினால் கூடுவதையும் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். நிறை மையத்தருகே திரண்டுள்ள பந்து விரைவில் சுழற்சிக்கு வரும். நிறை வெளிப்பக்கம் பரவிய பந்து தாமதமாக வரும். அமெரிக்காவின் பௌலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி. விதிகளில் சுழல் ஆரம் 2.46 முதல் 2.80 அங்குலம் வரை இருக்கலாம். ஒரே பந்தின் பெரும சுழல் ஆரத்துக்கும் சிறும சுழல் ஆரத்துக்கும் உள்ள வேறுபாடு 0.060 அங்குலத்துக்கு மிகக்கூடாது. இந்த வேறுபாடு அதிகமாக உள்ள பந்தில்தான் துளை அமைப்பின் விளைவு நன்றாகத் தெரியும். வாங்கும் முன் பெட்டியிலோ தயாரிப்பாளரின் விவரத் தாளிலோ இவ்வெண்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் கைப்பொருத்தம்

துளை அமைப்பைப் பற்றி ஆர்வத்தோடு கேட்பவர்கள் பலரும் கைப்பொருத்தத்தை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் உடலுக்குத் தீங்கு வருவது இங்கேதான். பெருவிரல் துளைக்கும் மற்ற இரு விரல் துளைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு அதிகமானால் உள்ளங்கை இழுபடும். நாளடைவில் பெருவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் வலி தங்கிவிடும். தொலைவு குறைந்தாலோ துளை தளர்ந்தாலோ பந்து நழுவாமலிருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்த கையால் பந்தைச் சரியாக விட முடியாது.

பிடியில் இரு வகை உண்டு. நடுவிரலையும் மோதிரவிரலையும் இரண்டாம் கணு வரை நுழைப்பது வழக்கப் பிடி. தடங்களில் பொதுவாக வைத்திருக்கும் பந்துகள் இவ்வகை. முதல் கணு வரை மட்டும் நுழைப்பது விரல்நுனிப் பிடி. சுழற்சி அதிகம் தர இதுவே உதவும். சொந்தப் பந்துகள் பெரும்பாலும் இப்படித் துளையிடப்படுகின்றன.

துளை பந்தின் மையத்தை நோக்கி நேராகச் செல்கிறதா, சற்றுச் சாய்ந்து செல்கிறதா என்பதும் முக்கியம். விரல் எளிதில் வெளிவர வேண்டுமா, சற்று நேரம் தங்க வேண்டுமா என்பதை இந்தச் சாய்வு தீர்மானிக்கிறது. விரலின் நீளம், வளையும் தன்மை, கையின் அகலம் ஆகியவற்றை அளந்து துளையிடுபவர் இதை முடிவு செய்வார்.

சென்னைக்கு ஒரு தனிக் குறிப்பு. மே மாத வெயிலில் இருசக்கர வண்டியில் வந்து குளிரூட்டிய அரங்கில் நுழைந்தவுடன் விரல் ஒரு பருமனில் இருக்கும். அரை மணி நேரம் குளிரில் இருந்த பின் வேறு பருமனில் இருக்கும். தொடர்ந்து ஆடினால் மீண்டும் மாறும். ஆகவே வந்தவுடன் அளவெடுக்கக் கூடாது. சில ஆட்டங்கள் ஆடியபின் அளப்பது பாதுகாப்பு. பெருவிரல் துளையைச் சற்றே தாராளமாக வைத்து, உள்ளே ஒட்டுநாடாத் துண்டுகளை ஒட்டியும் உரித்தும் அன்றாடம் சரிசெய்வது அனுபவமுள்ளோர் வழக்கம். கழற்றி மாட்டும் பெருவிரல் குழாய்களும் உண்டு.

நேர் அச்சுப் புள்ளியைக் கண்டறிதல்

இந்தப் புள்ளி தெரியாமல் எந்தத் துளை அமைப்பையும் தேர்ந்தெடுக்க இயலாது. கண்டறியும் முறை பின்வருமாறு:

1. கைக்குப் பொருந்திய, தடவிரிவு குறைந்த பந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் எண்ணெய் வளையங்கள் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் முதல் வளையத்தை அடையாளம் காண்பது எளிது.
2. வழக்கம்போல் உருட்டி, திரும்பி வந்த பந்தைத் துடைக்காமல் எடுத்து, எண்ணெய் வளையத்தை மெழுகுப் பென்சிலால் வரைய வேண்டும்.
3. அந்த வளையத்தைப் பூமியின் ஓர் அட்சக்கோடாகக் கருதினால், அதன் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் சம தொலைவில் உள்ள துருவமே நேர் அச்சுப் புள்ளி. இதற்கெனக் குறுக்குக்கோடு பொறித்த வளைந்த அளவுகோல் உண்டு.
4. அங்கே சிறு வெள்ளை நாடாத் துண்டை ஒட்டி மறுபடி உருட்டிப் பார்க்க வேண்டும். பந்து கையை விட்டவுடன் அந்த வெள்ளைப் பொட்டு அலையாமல் ஓரிடத்தில் நின்றால் குறித்த இடம் சரி. சிறு வட்டமாகச் சுற்றினால் சற்று நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும்.
5. பிடியின் மையத்திலிருந்து பக்கவாட்டில் எத்தனை அங்குலம், பின் மேலே அல்லது கீழே எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டு: வலப்புறம் 5, மேலே ½.

ஒரே உருட்டலை நம்பாமல் ஐந்தாறு முறை பார்த்துச் சராசரி கொள்வது நல்லது. புதிதாகக் கற்பவரின் கை மாதந்தோறும் மாறும். அவருடைய அச்சுப் புள்ளியும் உடன் மாறும். ஆகையால் உருட்டும் முறை ஓரளவு நிலைபெறும்வரை விலையுயர்ந்த பந்து வாங்காமலிருப்பது சிக்கனம்.

மூன்று எண்களில் ஓர் அமைப்பு

துளை அமைப்பை எழுத இன்று பரவலாக வழங்கும் முறை இரட்டைக் கோண முறை. இதை அறிமுகப்படுத்தியவர் அமெரிக்காவைச் சேர்ந்த உட்கரு வடிவமைப்பாளர் மோ பினெல். அவர் 2021-இல் கோவிட் தொற்றால் காலமானார். இம்முறையில் ஓர் அமைப்பு 50° × 4½" × 35° என்பது போல மூன்று எண்களால் குறிக்கப்படும்.

முதல் எண் துளைக் கோணம். பின் புள்ளியிலிருந்து நேர் அச்சுப் புள்ளிக்கு ஒரு கோடும், பின் புள்ளியிலிருந்து நிறைச்சாய்வுப் புள்ளிக்கு மற்றொரு கோடும் வரைந்தால் இடையில் அமையும் கோணம் இது. சிறிய கோணம் என்றால் பந்து முன்னதாகவே வழுக்கலை விட்டு வளையத் தொடங்கும். பெரிய கோணம் என்றால் தாமதமாகும். சமச்சீர் பந்தில் நிறைச்சாய்வுப் புள்ளி இல்லாததால் எடைமையப் புள்ளியைக் கொண்டு அளப்பர். அங்கே இதன் விளைவு குறைவு.

இரண்டாம் எண் பின் புள்ளிக்கும் நேர் அச்சுப் புள்ளிக்கும் உள்ள தொலைவு. தடவிரிவின் அளவை முக்கியமாக முடிவு செய்வது இதுவே. 3⅜ அங்குலத்தை நெருங்க நெருங்கத் தடவிரிவு கூடும். தொலைவு 5 அங்குலத்தைத் தாண்டும்போது தடவிரிவு குறைந்து, பந்து சுழற்சிக்கு வருவதும் தாமதமாகும்.

மூன்றாம் எண் செங்குத்து அச்சுக்கோட்டுக் கோணம். நேர் அச்சுப் புள்ளி வழியாகப் பிடியின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக வரையும் கோட்டுக்கும், பின் புள்ளியையும் அச்சுப் புள்ளியையும் இணைக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணம். இது சிறியதானால் பின் புள்ளி விரல் துளைகளுக்கு மேலே அமையும். வளைவிலிருந்து உருளலுக்கு மாறுவது விரைவாகவும் கூர்மையாகவும் நிகழும். பெரியதானால் பின் புள்ளி விரல்களுக்குக் கீழே இறங்கும். மாற்றம் மெதுவாகவும் சீராகவும் இருக்கும். ஆட்டக்காரர்கள் சுருக்கமாக 'பின் அப்', 'பின் டவுன்' என்று சொல்வது இந்த வேறுபாட்டைத்தான்.

இரு கோணங்களின் கூட்டுத்தொகையையும் பார்க்க வேண்டும். தொகை சிறிதானால் பந்தின் திருப்பம் தடத்தில் முன்னதாக நிகழும். பெரிதானால் பின்னால் தள்ளிப்போகும். கோணங்களுக்குப் பதிலாக மூன்று தொலைவுகளால் அமைப்பைக் குறிக்கும் முறையும் உண்டு. ஸ்டார்ம் நிறுவனத்தின் வெக்டர் முறை அவ்வகை. எழுதும் முறைதான் வேறு. உட்கருவின் நிலையைக் குறிப்பதே இரண்டின் நோக்கமும்.

எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது

தேர்வுக்கு அடிப்படையாவது பந்தின் வேகத்துக்கும் சுழற்சிக்கும் உள்ள பொருத்தம். மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

அடையாற்றிலிருந்து வரும் கல்லூரி மாணவர் ஒருவர் மணிக்கு 14 மைல் வேகத்தில் உருட்டுகிறார். ஆனால் சுழற்சி நிமிடத்துக்கு 400 சுற்று என்று வைத்துக்கொள்வோம். வேகத்தைவிடச் சுழற்சி ஓங்கிய கை இது. பந்து தடத்தின் நடுவிலேயே ஆற்றலைச் செலவழித்துவிட்டுப் பின்களை அடையும்போது சோர்ந்துவிடும். இவருக்குத் திருப்பத்தைத் தள்ளிப்போடும் அமைப்பு வேண்டும்: பெரிய துளைக் கோணம், 4½ முதல் 5 அங்குலத் தொலைவு. 70° × 5" × 40° என்பது போன்ற ஒன்றைத் தொடக்கமாகக் கொள்ளலாம்.

மயிலாப்பூரைச் சேர்ந்த இன்னொருவர் மணிக்கு 18 மைல் வேகத்தில், நிமிடத்துக்கு 220 சுற்றோடு உருட்டுகிறார். இவருடைய பந்து வளைய நேரமின்றி வழுக்கிக்கொண்டே பின்களை அடைந்துவிடும். இவருக்குச் சிறிய கோணங்களும் 3⅜ அங்குலத்தை ஒட்டிய தொலைவும் உதவும். 40° × 3½" × 35° போன்ற அமைப்பு பந்தை முன்னதாகவே தடத்தைப் பற்றச் செய்யும்.

தியாகராய நகரில் வசிக்கும் பள்ளி மாணவி ஒருவர் இப்போதுதான் முதல் பந்து வாங்கப் போகிறார். இவருக்கு மேற்கண்ட எண்கள் எதுவும் அவசரமில்லை. கைக்குப் பொருந்திய எடையில், பாலியெஸ்டர் பரப்புள்ள பந்து ஒன்று போதும். அதன் உட்கரு வேறுபாடு மிகக் குறைவு என்பதால் துளை அமைப்பின் விளைவும் குறைவு. பின்னாளில் வளைவுப் பந்து வாங்கினாலும், ஒற்றையாக மிஞ்சி நிற்கும் ஓரப் பின்னை நேராக வீழ்த்த இந்தப் பந்து என்றும் பயன்படும்.

ஒரு சாம்பியன் வைத்திருக்கும் அமைப்பை அப்படியே படியெடுப்பது பெரும் தவறு. நான் அறிந்த மாணவர் ஒருவர் காணொளியில் கண்ட அமைப்பைத் தாளில் எழுதிக்கொண்டு போய் அவ்வாறே துளையிடச் செய்தார். அந்த எண்கள் வேறொருவரின் அச்சுப் புள்ளிக்கும் வேகத்துக்கும் ஏற்றவை. அவருடைய பந்து நான்கு மாதம் அலமாரியில் கிடந்து, பிறகு துளைகளை அடைத்து மறுபடி துளையிடப்பட்டது. பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் வாங்கிய பந்து அது. பிறர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துத் தெரியவில்லை என்று வருந்துவதற்கு ஒப்பானது இது.

இரு கைகளால் உருட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி புகழடையச் செய்த இம்முறையில் பெரும்பாலோர் பெருவிரலை நுழைப்பதில்லை. அப்படியானால் பெருவிரல் துளையே இருக்கக் கூடாது. துளையிடும்போது குடைந்தெடுக்கப்படும் பொருளும் உட்கருவின் சமநிலையைச் சற்று மாற்றுவதால், இரு துளைப் பந்தும் மூன்று துளைப் பந்தும் ஒரே எண்களில் ஒரே மாதிரி நடக்க வேண்டியதில்லை.

மேற்பரப்பை மறவாதீர்

துளை அமைப்பு எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எண்ணுவது மிகை. யு.எஸ்.பி.சி. நடத்திய பந்து இயக்க ஆய்வில், பந்தின் நடத்தையை அதிகம் பாதிப்பவை மேற்பரப்பின் சொரசொரப்பும் உராய்வும் எண்ணெய் உறிஞ்சும் தன்மையுமே என்று தெரியவந்தது. உட்கருவும் துளை அமைப்பும் அவற்றுக்குப் பின்னரே. ஆகவே முறை இதுவாக இருக்க வேண்டும்: தடத்தின் எண்ணெய்க்கு ஏற்ற மேற்பரப்புள்ள பந்தை முதலில் தேர்வு செய்தல், பிறகு அதன் நடத்தையைத் துளை அமைப்பால் நுட்பமாகச் சரிசெய்தல். பந்து எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் உடனே துளைகளை அடைக்க ஓட வேண்டாம். தேய்ப்புத் தாளால் பரப்பைச் சொரசொரப்பாக்கினால் முன்னதாகப் பற்றும். மெருகேற்றினால் மேலும் வழுக்கும். இதற்குச் செலவு சிறிது. வேண்டாமெனில் மாற்றியும் விடலாம்.

விதிகள்

போட்டிகளில் ஆட விரும்புவோர் கீழ்க்கண்டவற்றை அறிந்திருக்க வேண்டும். இவை யு.எஸ்.பி.சி. விதிகள்.

1. 2020 ஆகஸ்ட் முதல், சமன்செய்வதற்கென இடப்படும் கூடுதல் துளைகளுக்கு அனுமதி இல்லை. அதற்கு முன் துளையிட்ட பழைய பந்தை வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.
2. பந்தில் உள்ள பிடித்துளை ஒவ்வொன்றும் ஒவ்வோர் உருட்டலிலும் பயன்பட வேண்டும். பெருவிரல் துளையை வைத்துக்கொண்டு பெருவிரலை நுழைக்காமல் உருட்டினால் அத்துளை விதிமீறலாகும்.
3. 10 பவுண்டுக்கு மேற்பட்ட பந்தில், எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையிலான எடை வேறுபாடு 3 அவுன்சுக்கு மிகக்கூடாது. இதை அளக்க 'டோடோ' தராசு என்னும் சிறப்புத் தராசு உண்டு.

மாநில, தேசியப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் முன், நடப்பு விதியை அமைப்பாளரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

வரலாறு

தொடக்கக் காலப் பந்துகள் லிக்னம் வைட்டே என்ற கடின மரத்தால் ஆனவை. 1905-இல் எவர்ட்ரூ என்ற ரப்பர் பந்தும், 1914-இல் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் மினரலைட் பந்தும் வந்தன. 1960-களில் பாலியெஸ்டரும், 1980-களின் தொடக்கத்தில் யூரித்தேனும், 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பரப்பும் பரவின. பரப்பு நன்கு பற்றத் தொடங்கியதோடு உட்கருவின் வடிவங்களும் பெருகின. துளை எங்கே என்ற கேள்வி கைவசதியைத் தாண்டி இயற்பியலாக மாறியது அப்போதுதான்.

ஆசிய விளையாட்டுகளில் பௌலிங் முதன்முதலாக 1978-இல் பாங்காக்கில் இடம்பெற்றது. இந்தியாவில் இந்த ஆட்டத்தில் பெயர் பெற்றவர்களுள், தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்ற தமிழ்நாட்டு வீரர் ஷபீர் தன்கோட் குறிப்பிடத்தக்கவர்.

சென்னை ஆட்டக்காரர் கவனிக்க வேண்டியவை

பந்து உருட்டத் தடம் இருக்கும் எல்லா இடங்களிலும் துளையிடும் வசதி இராது. வணிக வளாகங்களில் உள்ள தடங்கள் பெரும்பாலும் பொழுதுபோக்குக்காக நடப்பவை. துளையிடுபவரிடம் செல்லும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது என்பதால், கிடைக்கும் ஒரு வாய்ப்புக்குத் தயாராகச் செல்ல வேண்டும். குறிப்பேட்டில் பின்வருவன இருக்கட்டும்:

1. நேர் அச்சுப் புள்ளியின் அளவு. அது எந்த நாளில் எடுக்கப்பட்டது.
2. பந்தின் சராசரி வேகம். பல தடங்களில் இது திரையிலேயே தெரியும்.
3. சுழற்சி வேகம். பந்தில் வெள்ளை நாடாவை ஒட்டி, கைபேசியின் மெதுவோட்டக் காணொளியில் சுற்றுகளை எண்ணலாம். ஒரு நொடியில் 5 சுற்று என்றால் நிமிடத்துக்கு 300.
4. வழக்கமாக ஆடும் தடத்தில் எண்ணெய் அதிகமா, குறைவா.
5. ஏற்கெனவே உள்ள பந்து எங்கே குறைபடுகிறது: முன்னதாக வளைகிறதா, வளையாமலே போகிறதா.
6. விரல்களில் வலி, தடிப்பு, பழைய காயம் ஏதேனும் உண்டா.

ஆறாவது கேள்வியைத் துளையிடுபவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். அளவெடுத்து, பந்தின் மேல் கோடுகள் வரைந்த பிறகு, இயந்திரத்தை ஓட்டும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி மூன்று எண்களையும் நாமும் ஒருமுறை அளந்து பார்ப்பதில் தவறில்லை. நல்ல கைவினைஞர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

புதுப்பந்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அதை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் செல்லக் கூடாது. மிகுந்த சூடும் திடீர் வெப்ப மாற்றமும் ரெசின் பரப்பில் வெடிப்பை உண்டாக்கக்கூடும். ஆட்டம் முடிந்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பையில் வைக்க வேண்டும். முதல் சில வாரங்கள் மதிப்பெண்ணைப் பொருட்படுத்தாமல், எண்ணெய் வளையங்கள் எவ்வளவு விரிகின்றன, பந்து எந்த இடத்தில் திரும்புகிறது என்பதை மட்டும் எழுதி வர வேண்டும். அடுத்த பந்துக்கான துளை அமைப்பைத் தேர்ந்தெடுக்க அந்தக் குறிப்பேடே துணையாகும்.